இத்தாலிய ஒயினின் இரு முத்திரைகள்: எதற்கு எது உத்தரவாதம்?

இத்தாலிய ஒயின் புட்டி ஒன்றில் டி.ஓ.சி.ஜி. (உத்தரவாதம் அளிக்கப்பட்ட பிறப்பிடப் பெயர்) என்ற எழுத்துகளும், பச்சை நிறத்தில் நட்சத்திரங்களால் வரைந்த இலைச் சின்னமும் சேர்ந்தே இருக்கலாம். எனினும் அவை வெவ்வேறு விதிகளின்கீழ் வழங்கப்படுபவை. ஒன்றைக் கண்டு மற்றொன்றையும் ஊகித்துக்கொள்ள இயலாது.

முதலாவது, ஊரைப் பற்றியது. 1963ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கிய இம்முறையில், ஒவ்வொரு ஒயின் பெயருக்கும் நில எல்லை, திராட்சை வகை, விளைச்சல் வரம்பு ஆகியவை வகுக்கப்பட்டுள்ளன. பியமோந்தே வட்டாரத்தின் பரோலோ ஒயின், நெபியோலோ திராட்சையில் மட்டுமே தயாரிக்கப்பட்டு, 18 மாதம் மரப்பீப்பாயில் இருந்தது உட்பட 38 மாதம் முதிர்ந்திருக்க வேண்டும். அத்தோட்டத்தில் களைக்கொல்லி தெளித்தார்களா என்பதற்கு இம்முத்திரை பொறுப்பேற்பதில்லை.

அதற்குப் பொறுப்பேற்பது இலைச் சின்னம். 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் இயற்கை வேளாண் விதிகளின்படி, திராட்சைக் கொடிகள் அறுவடைக்கு முன் இயற்கை முறைக்கு மாறும் மூன்றாண்டுக் காலத்தைக் கடந்திருக்க வேண்டும். செயற்கைக் களைக்கொல்லிக்கும் இரசாயனத் தழைச்சத்து உரத்துக்கும் இடமில்லை. ஈரத்தில் திராட்சைக் கொடியைத் தாக்கும் அடிச்சாம்பல் நோய்க்கு எதிராக இயற்கை உழவர் பெரிதும் நம்பியிருப்பது தாமிரக் கலவையை. அதற்கும் ஏழாண்டுகளில் ஹெக்டேருக்கு 28 கிலோ என்ற உச்சவரம்பு உண்டு. இவ்வரம்பு எல்லா உழவருக்கும் பொது என்றாலும், மற்றவருக்கு வேறு மருந்துகள் இருப்பதால், 2023 போன்ற மழை மிகுந்த ஆண்டில் இதன் சுமை இயற்கை உழவர் மீதே அதிகம் விழுந்தது.

2012 அறுவடைக்கு முன் 'இயற்கை ஒயின்' என்று எழுதவே சட்டத்தில் வழியில்லை. ஒயின் தயாரிப்புக்கு விதி இல்லாததால், 'இயற்கை முறையில் விளைந்த திராட்சையின் ஒயின்' என்றே குறிப்பிட முடிந்தது. அவ்வாண்டு வந்த விதி, சர்க்கரை லிட்டருக்கு 2 கிராமுக்கும் குறைவான சிவப்பு இயற்கை ஒயினில், ஒயின் கெடாமல் காக்கும் சல்பைட்டின் உச்சவரம்பை லிட்டருக்கு 150 மில்லிகிராமிலிருந்து 100 ஆகவும், வெள்ளை ஒயினில் 200இலிருந்து 150 ஆகவும் குறைத்தது. குறைத்ததே தவிர நீக்கவில்லை. லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் 'சல்பைட் உள்ளது' என்று அச்சிட வேண்டும் என்பதால், அவ்வரியை இயற்கை ஒயின் புட்டியில் கண்டு ஏமாற்று என்று எண்ண வேண்டியதில்லை.

வாங்குவோர் பார்க்க வேண்டியது, இலைச் சின்னத்தோடு அச்சிடப்பட்டிருக்கும் 'ஐ.டி. பியோ' எனத் தொடங்கும் குறியீடு. சான்றளித்த கண்காணிப்பு அமைப்பு எது என்பதை அது காட்டும். 'வினோ நாத்துராலே' (இத்தாலிய மொழியில் 'இயல்பான ஒயின்') என்ற சொல் விளம்பரங்களில் அடிக்கடி தென்பட்டாலும், அதற்கு ஐரோப்பியச் சட்டத்தில் வரையறை ஏதுமில்லை.