நெரிசல் கட்டணம்: நகரச் சாலைக்கு விலை வைப்பது எப்படி வேலை செய்கிறது?

நகரின் மையப் பகுதிக்குள் கூட்டம் அதிகமாக இருக்கும் நேரத்தில் காரில் நுழைந்தால் பணம் கட்ட வேண்டும். நெரிசல் கட்டணத்தின் அடிப்படை விதி இவ்வளவுதான். பாலமோ நெடுஞ்சாலையோ போட்ட செலவைத் திரும்ப எடுக்கும் சுங்கக் கட்டணத்தோடு பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். சுங்கச்சாவடியில் வண்டிகள் கூடினால் லாபம். இங்கே வண்டிகள் குறைந்தால்தான் திட்டம் ஜெயித்ததாக அர்த்தம்.

ஒரு சாலை ஓரளவுக்குத்தான் வண்டிகளைத் தாங்கும். அந்த அளவை நெருங்கிவிட்டால், புதிதாக நுழையும் ஒவ்வொரு காரும் பின்னால் வருகிற எல்லோரையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாமதப்படுத்தும். ஓட்டுபவர் தன் எரிபொருளையும் தன் நேரத்தையும் மட்டும்தான் கணக்கில் எடுக்கிறார். மற்றவர்கள் இழக்கும் நேரம் யார் கணக்கிலும் வருவதில்லை. அந்த விடுபட்ட செலவைக் கட்டணமாக வாங்க வேண்டும் என்று 1950களிலேயே வாதாடியவர் வில்லியம் விக்ரி. 1996இல் நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் அவர். இதில் நம்பிக்கை தரும் விஷயம் ஒன்று இருக்கிறது. எல்லோரும் காரை விட்டு இறங்க வேண்டியதில்லை. ஐந்தில் ஒருவர் நேரத்தையோ வழியையோ மாற்றிக்கொண்டாலே வரிசை கரைய ஆரம்பித்துவிடும்.

இதற்கு மிகத் தெளிவான சான்று ஸ்வீடனின் தலைநகர் ஸ்டாக்ஹோம். அங்கே 2005 ஆகஸ்டில் முதலில் ஏறக்குறைய 200 புதிய பேருந்துகளை விட்டார்கள். அதனால் மட்டும் கார்கள் பெரிதாகக் குறையவில்லை. 2006 ஜனவரி முதல் ஜூலை வரை சோதனையாகக் கட்டணம் வசூலித்தபோது, கட்டணப் பகுதியின் எல்லையைக் கடக்கும் வண்டிகள் சுமார் 20 சதவீதம் குறைந்தன. சோதனை முடிந்து கட்டணம் நின்றதும் போக்குவரத்து மறுபடி ஏறியது. 2007 ஆகஸ்டில் நிரந்தரமாகக் கட்டணம் வந்ததும் திரும்பவும் இறங்கியது. பேருந்து வேண்டும், ஆனால் பேருந்து மட்டும் போதாது என்று அந்த நகரம் கண்கூடாகக் காட்டிவிட்டது.

சரி, பணத்தை எப்படி வாங்குகிறார்கள்? எங்கேயும் வண்டியை நிறுத்த வேண்டியதில்லை. நிறுத்தினால் அதுவே புது நெரிசலாகிவிடும். லண்டனில் கேமராக்கள் நம்பர் பிளேட்டைப் படிக்கும், ஓட்டுநர் இணையத்திலோ தானியங்கி முறையிலோ செலுத்துவார், தவறினால் அபராதம். நியூயார்க்கில் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் மின்னணு அட்டையைச் சாலைக்கு மேலே நிற்கும் வளைவில் உள்ள கருவி படித்துக்கொள்ளும். அட்டை இல்லாதவருக்கு நம்பர் பிளேட்டைப் பார்த்துத் தபாலில் பில் போகும், தொகையும் கூடுதல். இதற்கெல்லாம் முன்னோடி சிங்கப்பூர். 1975இல் அங்கே முன் கண்ணாடியில் ஒட்டும் காகித உரிமச் சீட்டோடு தொடங்கினார்கள். 1998இல் சாலைக்கு மேலே மின்னணு வளைவுகள் வந்தன. அடுத்த கட்டமாக, செயற்கைக்கோள் வழியே இடமறியும் கருவிகள் வண்டிகளில் பொருத்தப்படுகின்றன.

தொகையை நிர்ணயிக்கும் முறையில்தான் நகரங்கள் பெரிதும் வேறுபடுகின்றன. எனக்கு மிகவும் நேர்மையாகப் படுவது சிங்கப்பூரின் வழி. விரைவுச்சாலைகளில் மணிக்கு 45 முதல் 65 கிலோமீட்டர், மற்ற முக்கியச் சாலைகளில் 20 முதல் 30 என்று அங்கே வேக இலக்கு வைத்திருக்கிறார்கள். வேகம் அதற்குக் கீழே போனால் கட்டணம் ஏறும், மேலே போனால் இறங்கும். கொரோனாவால் 2020 ஏப்ரலில் சாலைகள் காலியானபோது வசூலையே நிறுத்திவிட்டார்கள். இது பணம் திரட்டுவதற்கான வரி அல்ல என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

லண்டனில் தினமும் ஒரே தொகை. 2003 பிப்ரவரியில் 5 பவுண்டாகத் தொடங்கி, 2020இல் 15 ஆகி, 2026 ஜனவரியில் 18 ஆனது. ஒரு முறை கட்டிவிட்டால் அன்று எவ்வளவு நேரம் சுற்றினாலும் கூடுதல் செலவு இல்லை. இது பெரிய குறை என்றே நினைக்கிறேன். முதல் ஆண்டுகளில் தாமதம் நன்றாகக் குறைந்தாலும் பிறகு நெரிசல் திரும்பி வந்தது. சாலைப் பணிகளும், பேருந்துக்கும் நடப்பவர்களுக்கும் ஒதுக்கிய இடமும் அதற்கு ஒரு பகுதிக் காரணம். முன்பதிவு செய்து அழைக்கும் வாடகைக் கார்களுக்குத் தந்த கட்டண விலக்கும் கவனிக்க வேண்டியது. செயலியில் அழைக்கும் கார்கள் பெருகிய பிறகும் அது நீடித்தது. 2019 ஏப்ரலில்தான் அந்த விலக்கை நீக்கினார்கள்.

ஆக, விலக்குப் பட்டியலைக் கவனமாகப் படிக்க வேண்டும். அவசர ஊர்திகள், பொதுப் பேருந்துகள், மாற்றுத்திறனாளிகளின் வண்டிகள் ஆகியவற்றுக்குப் பல நகரங்கள் விலக்கோ சலுகையோ தருகின்றன. நியூயார்க்கில் ஆண்டு வருமானம் 50,000 டாலர் வரை உள்ளவர்கள் விண்ணப்பித்தால், மாதத்தின் முதல் 10 பயணங்களுக்குப் பிறகு பகல் கட்டணத்தில் பாதி தள்ளுபடி. அங்கே 2025 ஜனவரி 5 முதல் சாதாரணக் காருக்குப் பகலில் 9 டாலர், இரவில் 2.25 டாலர்.

ஏழைகளை இது நசுக்காதா என்ற கேள்வி நியாயமானது, தட்டிக்கழிக்கக் கூடாதது. கட்டணத்தை மட்டும் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது, வசூலான பணம் எங்கே போகிறது என்றும் பார்க்க வேண்டும். நியூயார்க்கில் அது சுரங்க ரயிலையும் பேருந்தையும் புதுப்பிக்கும் 1,500 கோடி டாலர் கடன் பத்திரங்களுக்குப் பின்பலம். லண்டனிலும் நிகர வருவாய் போக்குவரத்துக்கே போக வேண்டும் என்பது சட்டம். பணம் பொதுக் கஜானாவில் கலந்து மறைந்துவிடும் திட்டத்தை நான் ஆதரிக்க மாட்டேன்.

மக்கள் சம்மதம் தனிக் கதை. பிரிட்டன் நகரங்களான எடின்பரோ 2005இலும், மான்செஸ்டர் 2008இலும் கட்டணம் வருவதற்கு முன்பே வாக்கெடுப்பு நடத்தின; இரண்டிலும் திட்டம் பெரும் வித்தியாசத்தில் தோற்றது. ஸ்டாக்ஹோமிலும் முதலில் பெரும்பான்மை எதிர்ப்புதான். ஆனால் அங்கே ஏழு மாதம் நெரிசல் குறைந்த சாலையில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் 2006 செப்டம்பரில் வாக்களித்தார்கள். நகரவாசிகளில் பாதிக்குச் சற்று மேலானோர் வேண்டும் என்றார்கள். தனியாக வாக்கெடுப்பு நடத்திய சுற்றுப்புற ஊராட்சிகளில் பெரும்பான்மை வேண்டாம் என்றது. கட்டணம் நிலைத்த பிறகு வந்த ஆண்டுகளில் ஆதரவு மேலும் கூடியது.