ஏற்றத்தில் மூச்சுவாங்கும் டீசல் வண்டி

கோத்தகிரி பக்கம் பச்சை இலை ஏற்றிப் போகும் பிக்கப் வண்டி ஏற்றத்தில் கறுப்பாகப் புகைவிட்டுத் திணறினால், "மலைக்காற்று அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். அதில் பாதி உண்மை இருக்கிறது. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்றுத்தான் அதிகம். மீதிப் பாதிக்கு, எரிந்த புகையில் கொஞ்சத்தை மறுபடி இன்ஜினுக்குள் விடும் இஜிஆர் வால்வைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். சாதாரணமாக எதிலும் ஒட்டாத அது, சிலிண்டருக்குள் சூடு 1,500 டிகிரியைத் தாண்டினால் ஆக்சிஜனோடு வேகமாகச் சேர்ந்து நுரையீரலைக் கெடுக்கும் நைட்ரஜன் ஆக்சைடு வாயுவாகிறது. அதைக் குறைக்கத்தான் ஏற்கனவே எரிந்த புகையில் கொஞ்சத்தை கூலரில் ஆறவைத்து மறுபடி உள்ளே அனுப்புகிறார்கள். அதில் ஆக்சிஜன் குறைவு, இருக்கும் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் சூட்டை வாங்கிக்கொள்ளும். ஐட்லிங்கிலும் மிதமான ஓட்டத்திலும் வால்வு திறக்கும், ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால் மூடிக்கொள்ளும்.

மூடவில்லை என்றால்தான் சிக்கல். புகைக்கரி ஆயில் ஆவியோடு சேர்ந்து வால்வில் தார் போல அப்பி, அதை மூடவிடாமல் செய்கிறது. இலை எடை போடும் இடத்தில் இன்ஜினை அணைக்காமல் நின்று, அப்புறம் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடி, சரியாகச் சூடேறாமலே திரும்பும் வண்டிகளில் இது சீக்கிரம் சேரும். ஏற்கனவே மெலிந்த காற்று, அதிலும் இடத்தைப் புகை பிடித்துக்கொண்டால் டீசல் எப்படி முழுதாக எரியும்?

சர்வீஸ் பெரிய வித்தை இல்லை. இன்ஜின் ஆறிய பிறகு வால்வைக் கழற்றி, கிளீனர் ஸ்பிரே அடித்து ஊறவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். வால்வின் மோட்டார் பக்கம் ஈரம் போகக் கூடாது, ஸ்க்ரூ டிரைவரால் நெம்பவே கூடாது. புது கேஸ்கெட் போட்டு மாட்டி, ஸ்கேனரில் ரீசெட் செய்ய வேண்டும். சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டையும் எட்டிப் பாருங்கள்; அங்கே கரி வழியை அடைத்திருந்தால் வால்வை மட்டும் கழுவிப் பயனில்லை. எங்கும் ஒழுகாமல் கூலன்ட் குறைந்து, வெள்ளைப் புகையும் வந்தால் கூலரில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

"இஜிஆர் வழியை ஒரு தகடு வைத்து அடைத்துவிடலாம், அண்ணா" என்று சொல்லும் பட்டறைகள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது டீசல் கார்களுக்கு நைட்ரஜன் ஆக்சைடின் வரம்பு கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராமிலிருந்து 80 ஆகக் குறைந்தது. அந்தத் தகடு கெடுப்பது நம் பின்னால் பைக்கில் வருகிறவரின் மூச்சை.

வாரம் ஒருமுறையாவது மேட்டுப்பாளையம் இறங்கி, திரும்பும்போது இன்ஜின் நன்றாகச் சூடேற மலையேறினால் புதுக்கரி சேர்வது குறையும். ஏற்கனவே இறுகியதைப் பிரஷ்தான் எடுக்க வேண்டும்.