வட்டங்கட்டாத் தாக்குதல்: ‘நோ-ஹடில்’ என்ற சொல்லும் அதற்கான தமிழும்

2013 செப்டம்பர் 9, திங்கட்கிழமை இரவு. வாஷிங்டன் அணியின் அரங்கில் பிலடெல்பியா ஈகிள்ஸ் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடுகிறது. ஆரிகன் பல்கலைக்கழக அணியைப் புயல்வேகத்தில் ஆடவைத்துப் பெயர் வாங்கிய சிப் கெல்லிக்கு, தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் பயிற்சியாளராக அதுதான் முதல் ஆட்டம். முதல் பாதி முடிவதற்குள் ஈகிள்ஸ் 53 முறை பந்தை எடுத்து ஆடிவிட்டது. வழக்கமாக ஓர் அணி ஆட்டம் முழுவதிலுமே 60, 65 முறைதான் ஆடும். இடைவேளையில் 26-7 என்று முன்னிலை. இரண்டாம் பாதியில் மூச்சு வாங்கியது. ஆனாலும் 33-27 என்று வென்றது.

அன்றைக்கே பிலடெல்பியா ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். எதிரணிக்கு இடுப்பில் கைவைத்து மூச்சுவிடக்கூட நேரம் தராத ஆட்டம் இது, இத்தனை நாள் எங்கே போயிருந்தது என்றது ஒரு கட்சி. மூன்று டவுனில், அதாவது மூன்று முயற்சியில், பத்து கெஜம் போகாவிட்டால் பந்தை விட்டுக்கொடுக்க வேண்டும், அதற்குள் கடிகாரத்தில் ஒரு நிமிடம்கூட ஓடியிருக்காது, களைத்துப்போய் உட்கார்ந்த நம் தடுப்பு ஆட்கள் மறுபடி எழுந்து ஓட வேண்டும், டிசம்பரில் அவர்கள் கால் தாங்குமா என்றது மறு கட்சி. இரு தரப்பும் உச்சரித்த சொல் ஒன்றே: நோ-ஹடில். ஆனால் அவர்கள் சண்டை போட்டது அந்தச் சொல்லைப் பற்றி அல்ல, வேகத்தைப் பற்றி. இந்த இரண்டும் வேறு வேறு என்பதைச் சொல்லத்தான் இந்த விளக்கம். தமிழில் இதற்கு ஒரு சொல் வேண்டுமென்றால் அந்த வேறுபாடு அதில் தெரிய வேண்டும்.

முதலில் ஹடில். அமெரிக்கன் ஃபுட்பாலில் ஒவ்வொரு ஆட்டத் துண்டும் முடிந்ததும் விளையாட்டு நின்றுவிடும். அடுத்ததைத் தொடங்க என்எஃப்எல்லில் 40 வினாடி உண்டு. அந்த இடைவெளியில் பந்து வைத்திருக்கும் அணியின் பதினோரு பேரும் பந்து இருக்கும் கோட்டுக்குப் பின்னால் வட்டமாகக் கூடி, முதுகை வளைத்துத் தலைகளை ஒன்றுசேர்த்து நிற்பார்கள். நடுவில், ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் அடுத்த திட்டத்தைச் சொல்வார். யார் எங்கே ஓட வேண்டும், எந்த எண்ணிக்கையில் பந்தை எடுக்க வேண்டும் எல்லாம் அதில் அடங்கும். கைதட்டிவிட்டுக் கலைந்து வரிசைக்குப் போவார்கள். அந்த வட்டம்தான் ஹடில்.

நம்மவர்களுக்கு இந்தச் சொல் கிரிக்கெட் வழியாகத்தான் பழக்கம். 2003 உலகக் கோப்பையில் கங்குலி தலைமையிலான இந்திய அணி விக்கெட் விழுந்ததும் தோளில் கைபோட்டு வட்டமாகக் கூடியது பலருக்கும் நினைவிருக்கும். இப்போது மென்பொருள் அலுவலகங்களிலும் ‘ஒரு ஹடில் போட்டுப் பேசிடலாம்’ என்கிறார்கள். கிரிக்கெட் வட்டத்தில் பரிமாறப்படுவது உணர்வு, ஊக்கம். ஃபுட்பால் வட்டத்தில் பரிமாறப்படுவது கட்டளை. அது இல்லாமல் பதினோரு பேரும் பதினோரு திசையில் ஓடுவார்கள்.

சொல்லின் வேரைப் பார்த்தால், 16ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கில எழுத்தில் வந்துவிட்டது இது. நெருக்கியடித்துக் குவிதல், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுதல் என்பன அன்றைய பொருள். வட ஜெர்மனியின் பேச்சுமொழியில் ‘மூடு, மறை’ என்று பொருள்தரும் வேரிலிருந்து பிறந்திருக்கலாம், ஒளித்தலைக் குறிக்கும் ‘ஹைட்’ என்ற ஆங்கிலச் சொல்லும் அதற்கு உறவு என்று சொல்லாய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். மறைத்தல் என்ற அந்தக் கருத்தை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த கதைக்கு வாருங்கள்.

வாஷிங்டன் நகரில் காது கேளாதோருக்காக 1864இல் தொடங்கிய கல்லூரி ஒன்று உண்டு; இன்று அது காலடெட் பல்கலைக்கழகம். 1890களில் அங்கே பால் ஹப்பர்ட் என்ற மாணவர் குவார்ட்டர்பேக். அவர்கள் திட்டத்தைச் சைகை மொழியில் சொல்லிக்கொண்டார்கள். கேட்கும் திறனுள்ள அணிகளோடு ஆடும்போது அது பெரிய வசதி, எதிராளிக்கு ஒன்றும் விளங்காது. ஆனால் காது கேளாதோரின் வேறோர் அணி எதிரே நின்றால்? கையசைவு எல்லாம் அவர்களுக்கு அச்சடித்த எழுத்து. ஆகவே ஹப்பர்ட் தன் ஆட்களை வட்டமாக நிற்கவைத்து, வட்டத்துக்குள் கையை மறைத்துச் சைகை செய்தார். ஹடில் பிறந்த கதையாகப் பரவலாகச் சொல்லப்படுவது இதுதான். சிகாகோவின் அமோஸ் அலோன்சோ ஸ்டாக், இலினாய் பல்கலைக்கழகத்தின் பாப் ஸப்கி ஆகிய பயிற்சியாளர்கள்தான் இதைத் தொடங்கினார்கள் என்பவர்களும் உண்டு. இதைப் பெரிய கல்லூரிகளில் பரப்பியதில் ஸப்கிக்குப் பங்கு இருக்கிறது. ஆனால் ‘மறைத்தல்’ என்ற வேர்ப்பொருளும் கையை மறைத்த அந்த மாணவரும் ஒரே புள்ளியில் வந்து சேர்வது எனக்கு இந்தச் சொல்லின் மிக அழகான பகுதி. அதே காலடெட்டின் குவார்ட்டர்பேக் 2023 அக்டோபரில், திட்டத்தைக் கண்ணெதிரே எழுத்தாகக் காட்டும் சிறு திரை பொருத்திய தலைக்கவசத்தோடு களத்தில் இறங்கினார்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. ஹடில் வருவதற்கு முன் எல்லா அணியும் ஆடியது ஹடில் இல்லாத ஆட்டம்தான். வரிசையில் நின்றபடியே எண்களைக் கூவிப் பந்தை எடுத்தார்கள். ஆக, புதுமை என்று இன்றைக்குப் பேசப்படுவது வட்டத்தைவிட மூத்தது.

அதை அன்றாட ஆட்டமுறையாக மீண்டும் நிறுத்தியவர் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியின் பயிற்சியாளர் சாம் வைச். கடைசி இரண்டு நிமிடத்தில் தோற்கும் நிலையில் இருக்கும் எந்த அணியும் வட்டங்கட்டாமல் அவசரமாக ஆடும். அது பழைய வழக்கம். வைச் 1988 பருவத்தில் அதை முதல் நிமிடத்திலிருந்தே ஆடினார், குவார்ட்டர்பேக் பூமர் எசையசனை வைத்துக்கொண்டு. அவர் குறிவைத்தது கடிகாரத்தை மட்டும் அல்ல, எதிரணியின் ஆள்மாற்றத்தை. தடுப்பு அணி ஒவ்வொரு சூழலுக்கும் தனித்தனி ஆட்களை உள்ளே அனுப்பும்: ஓட்டத்தைத் தடுக்கக் கனமானவர்கள், எறிபந்தைத் தடுக்க வேகமானவர்கள். பந்து வைத்திருக்கும் அணி ஆளை மாற்றாமல் உடனே வரிசையில் நின்றுவிட்டால், எதிரணிக்கு மாற்ற நேரமில்லை. உள்ளே யார் மாட்டிக்கொண்டாரோ அவரே நிற்க வேண்டும். பயந்துபோன தடுப்பாளர்கள் காலைப் பிடித்துக்கொண்டு விழுந்து நடிக்கத் தொடங்கியதும் இதனால்தான். அந்தப் பருவத்தில், லீக்கின் இரு பாதிகளில் ஒன்றான ஏஎஃப்சியின் இறுதியாட்டத்துக்குச் சற்று முன்னால், இந்த முறையில் ஆடினால் தண்டனை உண்டு என்று லீக் நிர்வாகமே பெங்கால்ஸை எச்சரித்தது. ஆனாலும் பஃபலோ பில்ஸை 21-10 என்று வென்று, லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலுக்குப் போனார்கள்.

அன்று தோற்ற பில்ஸே பிறகு இந்த முறையைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. பயிற்சியாளர் மார்வ் லெவி, குவார்ட்டர்பேக் ஜிம் கெல்லி. அவர்கள் ஆட்டத்துக்குப் பெயர் கே-கன். அந்தக் ‘கே’ கெல்லியின் பெயர் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அது கீத் மெக்கெல்லர் என்ற டைட் எண்ட் ஆட்டக்காரரைக் குறிக்கிறது. தொடர்ந்து நான்கு பருவம் சூப்பர் பௌலுக்குப் போனார்கள், நான்கிலும் தோற்றார்கள். வேக ஆட்டத்தை எதிர்க்கும் ரசிகர் ஒருவர் கையில் வைத்திருக்கும் மிக வலுவான சாட்சி அவற்றில் முதலாவது, 1991 ஜனவரியில் நடந்தது. நியூயார்க் ஜயன்ட்ஸ் நிதானமாக, ஒவ்வொரு வினாடியையும் கரைத்து ஆடி, 60 நிமிடத்தில் 40 நிமிடம் 33 வினாடி பந்தைத் தன்னிடமே வைத்திருந்தது. 20-19 என்று ஜயன்ட்ஸ் வென்றது. பில்ஸின் தடுப்பு ஆட்கள் அன்று நின்ற நேரத்தைக் கணக்குப் பார்த்தால், களைப்பு என்ற வாதத்தைத் தள்ளிவிட முடியாது.

ஆனால் குற்றம் வட்டம் இல்லாமையிலா, வேகத்திலா? இங்கேதான் குவார்ட்டர்பேக் பெய்ட்டன் மேனிங் நமக்கு உதவுகிறார். இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸில் ஆடிய காலத்தில் அவர் அணியும் வட்டங்கட்டாது. நேராக வரிசைக்கு வந்து நிற்கும். அதன்பின் மேனிங் அவசரப்பட மாட்டார். எதிரணி எப்படி நிற்கிறது என்று பார்த்து, கையை ஆட்டி, ஆளை நகர்த்தி, கூவித் திட்டத்தை மாற்றி, கடிகாரத்தில் ஓரிரு வினாடி மிச்சமிருக்கும்போதுகூடப் பந்தை எடுப்பார். வட்டம் இல்லை, வேகமும் இல்லை, அது நோ-ஹடில்தான். இதில் இன்னொரு ஆதாயம் உண்டு. 1994 முதல் குவார்ட்டர்பேக்கின் கவசத்துக்குள் பயிற்சியாளரின் குரல் கேட்கும், கடிகாரம் 15 வினாடியைத் தொடும்வரை. வரிசையில் முன்கூட்டியே நின்றுவிட்டால், எதிரணியின் நிலையைப் பார்த்துப் பேசப் பயிற்சியாளருக்கும் நேரம் கிடைக்கிறது.

அவசரமாக ஆடுவதற்கு ஆங்கிலத்தில் தனிச்சொல் இருக்கிறது: ஹரி-அப். சிப் கெல்லியின் ஈகிள்ஸ் ஆடியது இரண்டும் கலந்தது, ஹரி-அப் நோ-ஹடில். ரசிகர்கள் பேச்சில் முதல் பாதி உதிர்ந்துபோய்ப் பிற்பாதி மட்டும் நின்றுவிட்டது. 2014இல் கல்லூரி ஆட்ட விதிக்குழு முன்வைத்த திட்டத்திலும் குறி வேகம்தான், வட்டம் அல்ல: முதல் 10 வினாடிக்குள் பந்தை எடுக்கக் கூடாது, அந்த நேரத்தில் தடுப்பு அணி ஆள் மாற்றிக்கொள்ளலாம். அலபாமா பல்கலைக்கழக அணியின் அன்றைய பயிற்சியாளர் நிக் சேபன் அந்தப் பக்கம் நின்றார். எதிர்ப்பு கிளம்பி, அடுத்த மாதமே அது கைவிடப்பட்டது. அதே ஆண்டில் சேபனின் அணியும் வேகத்தைக் கூட்டி ஆடத் தொடங்கியது.

இனித் தமிழ்.

எளிதாகக் கைக்கு வருவது ‘கூடு’. வட்டமாகக் கூடுதல், ஆகவே நோ-ஹடில் ‘கூடாத் தாக்குதல்’. இதை எடுக்கவே கூடாது. ‘கூடா நட்பு’ என்று கேட்டு வளர்ந்த காதுக்குக் ‘கூடா’ என்றால் தகாதது. செய்யக் கூடாத தாக்குதல் என்றுதான் விளங்கும்.

‘மந்தணம்’ இரகசிய ஆலோசனையைக் குறிக்கும் நல்ல பழஞ்சொல். மறைத்தல் என்ற பொருளும் அதில் உண்டு. ஆனால் எழுபதாயிரம் பேர் பார்க்க நடுக்களத்தில் நடப்பதை மந்தணம் என்பது பொருந்தவில்லை. மறைவது சொல்தான், செயல் அல்ல.

எனக்கு மனம் நிறைந்த சொல் ‘சூழ்’. சுற்றி நிற்பதும் சூழ்தல், ஆராய்ந்து திட்டமிடுவதும் சூழ்தல். ஹடிலின் உருவமும் வேலையும் ஒரே தமிழ் வினைக்குள் அடங்கிவிடுகின்றன. ஆங்கிலச் சொல்லில்கூட இந்த இரண்டாம் பொருள் பிற்காலத்தில் ஒட்டியதுதான். இன்று ‘சூழ்ச்சி’ என்றால் சதி என்றாகிவிட்டது. முன்பு அப்படி இல்லை. திருக்குறளின் 671ஆம் குறள் ‘சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்’ என்று தொடங்குகிறது. ஆலோசனையின் முடிவு துணிவுக்கு வருவது என்று பொருள். அரசனுக்கு ஆலோசனை சொல்பவர்களை 445ஆம் குறள் ‘சூழ்வார்’ என்கிறது. ஆகவே ஹடிலுக்குச் ‘சூழ்வட்டம்’ என்பதே என் பரிந்துரை.

ஆனால் எதிர்மறையில் ‘சூழாத் தாக்குதல்’ என்று போனால் மறுபடி இடறும். சூழாது செய்தல் என்றால் யோசிக்காமல் செய்தல். வேக ஆட்டத்தைத் திட்டுகிறவர் சொல்ல விரும்பும் சொல்லாக அது இருக்கலாம். ஆட்டத்தின் பெயராக இருக்க முடியாது. யோசனை இல்லாத ஆட்டமல்ல இது. யோசனை முழுவதும் வாரம் முழுக்கப் பயிற்சிக் களத்திலேயே நடந்து முடிந்துவிடுகிறது. ஒற்றைச் சொல்லில், ஒரு கையசைவில், ஆரிகன் அணியைப் போல் ஓரத்தில் தூக்கிக் காட்டும் படப் பலகையில் முழுத் திட்டத்தையும் பதினோரு பேருக்கும் புரியவைக்கும் அளவுக்கு அது முன்கூட்டியே நடந்திருக்க வேண்டும்.

அதனால் எதிர்மறைக்குப் பேச்சு வழக்கைத் தேடினேன். ‘வட்டங்கட்டி நிற்கிறார்கள்’ என்று ஊரில் சொல்வோம். அந்த வினை தெளிவானது, கெட்ட வாடை ஏதும் அதற்கில்லை. ஹடில் போடுவது வட்டங்கட்டுவது. நோ-ஹடில் ஆட்டம் ‘வட்டங்கட்டாத் தாக்குதல்’. சற்று நீளம்தான். ஆனால் நடக்காத செயல் எதுவோ அதை மட்டும் சொல்கிறது, வேகத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஹரி-அப் என்பதற்கு ‘விரைவுத் தாக்குதல்’ போதும். இரண்டும் சேர்ந்தால் ‘வட்டங்கட்டா விரைவுத் தாக்குதல்’.

இந்தச் சொற்களை வைத்து ஈகிள்ஸ் வழக்கைத் திரும்பப் பேசிப் பாருங்கள். முதல் பருவத்தில் 10 வெற்றி, 6 தோல்வி, பிரிவில் முதலிடம். இரண்டாம் பருவத்திலும் அதே கணக்கு, ஆனால் பருவ முடிவில் வரும் பிளேஆஃப் சுற்றுக்குள் நுழையவில்லை. மூன்றாம் பருவம் முடிய ஓர் ஆட்டம் இருக்கும்போது, 2015 டிசம்பரில் சிப் கெல்லி நீக்கப்பட்டார். தடுப்பு ஆட்கள் களைத்துப்போனார்கள் என்று குறைப்பட்டுக்கொண்ட ரசிகர் விரைவுத் தாக்குதலைக் குறை சொல்கிறார். அதில் எனக்கும் பாதி உடன்பாடு. எதிரணியை ஆள் மாற்றவிடாமல் திணறடித்ததை மெச்சியவர் பாராட்டுவது, ஆளை மாற்றாமல் வரிசையில் போய் நிற்கும் வட்டங்கட்டாத் தாக்குதலை. மேனிங்கைப் போல் வட்டத்தை விட்டுவிட்டு நிதானத்தை வைத்துக்கொள்ளலாமே என்று கேட்க மூன்றாவது ரசிகர் ஒருவருக்கு இப்போது இடம் இருக்கிறது.