இருமலுக்கு ஒரு நொடி முன்னால்

பெரியப்பாவுக்குப் புராஸ்டேட் அறுவை சிகிச்சை முடிந்து, சிறுநீர் வடிய வைத்திருந்த கதீட்டர் குழாயை எடுத்த அன்று சாயங்காலம். சோபாவிலிருந்து எழுந்தவர் அப்படியே நின்றுவிட்டார். வேட்டி நனைந்திருந்தது. "முட்டிக்கிட்டு வரலைடா. எழுந்தேன், தானா போயிடுச்சு" என்றார். புற்றுநோய் என்று கேட்டபோதுகூட அவர் முகம் அவ்வளவு வாடவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் இதைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது: ஆசனவாயை இறுக்கி இறுக்கி விடவும், தினமும் மூன்று வேளை. எந்தத் தசை, எதற்காக என்று யாரும் விளக்கவில்லை. அந்த வரியில் விடுபட்டதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

புராஸ்டேட் சுரப்பி சிறுநீர்ப்பைக்கு நேர் கீழே இருக்கிறது. சிறுநீர்க்குழாய் அதற்குள் புகுந்துதான் வெளியே வருகிறது. புற்றுநோய்க்காகச் சுரப்பியை முழுதாக எடுக்கும்போது, அதற்குள் இருக்கும் குழாய்த் துண்டும் சேர்ந்தே போய்விடும். பிறகு சிறுநீர்ப்பையின் வாயைக் கீழே இறக்கி, மிச்சமிருக்கும் குழாயோடு தைத்துவிடுகிறார்கள். அந்தத் தையல் ஆறும் வரை, பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம், கதீட்டர் இருக்கும்.

சிறுநீரைத் தேக்கி வைக்க ஆண் உடம்பில் இரண்டு காவல் உண்டு. ஒன்று சிறுநீர்ப்பையின் கழுத்தில் இருக்கும் மென்தசை. நாம் நினைத்தாலும் நினைக்காவிட்டாலும் அது தன்பாட்டில் மூடியே இருக்கும். இரண்டாவது, புராஸ்டேட்டுக்குக் கொஞ்சம் கீழே குழாயைச் சுற்றியிருக்கும் வெளிச் சுருக்குத்தசை. இது நம் சொல் கேட்கும். ஆயுள் முழுக்க முதல் காவல் ஓசையில்லாமல் வேலை பார்த்துவந்ததால், இரண்டாவது இருப்பதே பலருக்குத் தெரியாது. அறுவை சிகிச்சையில் முதல் காவல் பெருமளவு போய்விடுகிறது. மறுநாளிலிருந்து முழுப் பாரமும் இரண்டாவதின் தலையில். இருமும்போதும் தும்மும்போதும் குடத்தைத் தூக்கும்போதும் வயிற்றின் அழுத்தம் சிறுநீர்ப்பையை அமுக்குகிறது, சிறுநீர் கசிகிறது. காலையில் ஓரளவு ஈரமில்லாமல் இருப்பவருக்குச் சாயங்காலம் கசிவு கூடுவதும் இதனால்தான். நாள் முழுக்க நின்ற காவல்காரன் களைத்துப்போகிறான்.

அவனுக்குத் துணை நிற்பவை இடுப்புத்தளத் தசைகள். இடுப்பின் முன்னெலும்பிலிருந்து பின்னே வால் எலும்பு வரை தூளி கட்டினாற்போல் இவை விரிந்திருக்கின்றன. ஆணுக்கு இதில் மூன்று இடங்கள் முக்கியம். வெளிச் சுருக்குத்தசை குழாயைப் பின்பக்கமாக அழுத்துகிறது. தூளியின் பின்பகுதி குழாயை முன்னோக்கித் தள்ளுகிறது. ஆண்குறியின் அடியில் இருக்கும் தசை கீழே குழாயைப் பிழிகிறது. மூன்றும் சேர்ந்து இழுத்தால்தான் குழாய் நன்றாக மூடும்.

அந்த ஒரு வரியின் குறை இங்கேதான். 1948இல் அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்டு கெகல் இந்தப் பயிற்சியைப் பிரசவித்த பெண்களுக்காக எழுதினார். பிற்பாடு ஆண்களுக்கும் வந்தபோது "ஆசனவாயை இறுக்குங்கள்" என்ற சொல்லே பெரும்பாலும் நிலைத்தது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ரயன் ஸ்டாஃபோர்டு, பால் ஹாட்ஜஸ் குழுவினர் விரைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்து, எந்தச் சொல்லுக்கு எந்தத் தசை அசைகிறது என்று பார்த்தார்கள். "ஆசனவாயை இறுக்கு" என்றால் ஆசனவாய்த் தசைதான் அதிகம் வேலை செய்தது. "சிறுநீர்ப்பையைத் தூக்கு" என்றால் வயிற்றுத் தசை இறுகி அழுத்தம் ஏறியது. கசிபவருக்கு அது கேடு. "ஆண்குறியை உள்ளிழுத்துச் சுருக்கு" என்றபோதுதான் சிறுநீர்க்குழாயின் சுருக்குத்தசை நன்றாக அசைந்தது. ஒரு சொல்லை மாற்றினால் தசையே மாறிவிடுகிறது! இதைப் படித்த அன்றே பெரியப்பாவுக்குப் போன் செய்தேன்.

மார்கழிக் காலையில் ஆற்றில் இடுப்பளவு இறங்கும்போது முன்பக்கம் தானாக உள்ளே ஒடுங்குமே, அந்த உணர்வுதான் அடையாளம். கண்ணாடி முன் நின்று பார்த்தால் ஆண்குறியின் அடி கொஞ்சம் உள்ளே போகும், விரைகள் லேசாக மேலேறும். வயிறு, தொடை, பிட்டம் எதுவும் இறுகக் கூடாது. மூச்சை அடக்கவும் கூடாது. சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்தித் தசையை அடையாளம் காணலாம், ஆனால் ஒரு முறை போதும். அதையே வழக்கமாக்கினால் சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாமல் போகலாம். யோகாவில் மூலபந்தம், அதாவது ஆசனவாய்ப் பகுதியை உள்ளிழுத்துப் பிடிப்பது, பழகியவர்களுக்கு இந்த இடம் சீக்கிரம் பிடிபடும், ஆனால் கவனம் பின்பக்கமே நின்றுவிடாமல் முன்னுக்கு வர வேண்டும்.

பிடிபட்ட பிறகு இரண்டு விதமாகப் பழக வேண்டும். மெதுவாக இழுத்துச் சில நொடி பிடிப்பது ஒன்று. ஆரம்பத்தில் மூன்று நொடியே பெரிது, போகப் போகப் பத்து வரை வரலாம். சட்டென்று இழுத்து விடுவது இன்னொன்று. ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் முழுதாகத் தளர விட வேண்டும். ஆர்வத்தில் நூற்றுக்கணக்கில் செய்தால் தசை களைத்து, கசிவுதான் கூடும். இவ்வளவையும் கதீட்டர் இருக்கும்போது செய்யக் கூடாது.

பலன் உண்டா? பெல்ஜியத்தின் லூவன் நகரில் 102 ஆண்களிடம் செய்து 2000இல் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்றவர்களில் 88 சதவீதம் பேருக்கு மூன்று மாதத்தில் கசிவு நின்றது, மற்றவர்களில் 56 சதவீதம் பேருக்கு. ஆனால் 2011இல் வெளியான பிரிட்டன் ஆய்வு இதற்கு மாறாக வந்தது. அறுவை முடிந்து ஆறு வாரமாகியும் கசிந்துகொண்டிருந்த 411 பேரை எடுத்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், பிசியோதெரபிஸ்ட்டிடம் நேரில் கற்றவர்களில் 76 சதவீதம் பேருக்கும், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 77 சதவீதம் பேருக்கும் கசிவு இருந்தது. ஆகவே இதை மந்திரம் என்று சொல்ல மாட்டேன். முன்கூட்டியே தொடங்குகிறவர்களுக்கு முதல் சில மாதங்கள் எளிதாகின்றன, நாளாக ஆக வித்தியாசம் குறைகிறது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். அந்தச் சில மாதங்களும் சிறியவை அல்ல. கல்யாண வீட்டுக்குப் போகாமல், பேரனைத் தூக்காமல், பஸ் ஏறப் பயந்து கழிகிற மாதங்கள் அவை. அதனால் அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்த அன்றே இதைக் கற்றுத் தர வேண்டும். வலியும் வீக்கமும் வந்த பிறகு, அதுவரை தெரியாத ஒரு தசையைத் தேடுவது சிரமம்.

ஒரு வருடம் ஆகியும் நிற்காமல் தொந்தரவு செய்தால் யூராலஜிஸ்ட்டிடம் வழிகள் இருக்கின்றன. குழாயைச் சுற்றி வளையம் போல மாட்டி, விரைப்பையில் வைத்த சிறு பம்ப்பால் திறக்கும் செயற்கைச் சுருக்குத்தசைகூட உண்டு.

பெரியப்பா அதுவரை போகவில்லை. கசிவை உறிஞ்ச உள்ளே வைத்துக்கொள்ளும் பேடை (pad) அவர் சமையலறைத் தராசில் வைத்து எடை பார்ப்பார். ஈரப் பேடின் எடையில் உலர்ந்த பேடின் எடையைக் கழித்தால், ஒரு கிராம் ஏறத்தாழ ஒரு மில்லி சிறுநீர். காலண்டரில் தேதிக்குப் பக்கத்தில் எண்ணை எழுதிவைப்பார். எண்கள் குறையத் தொடங்கியபோது அவர் கற்றிருந்தது இன்னொன்று: இருமலுக்கு முன், எழுவதற்கு முன், இழுத்துப் பிடிப்பது. சிறுநீர்ப்பையில் அழுத்தம் ஏறுவதற்குள் குழாய் மூடிவிட வேண்டும். ஒரு நொடி பிந்தினாலும் பயனில்லை.

போன மாதம் போயிருந்தேன். என்னை வழியனுப்ப எழப்போனவர், சோபாவின் கைப்பிடியில் கை வைத்தபடி ஒரு கணம் நின்றார். "இருடா, பூட்டிக்கிறேன்" என்றார். பிறகு எழுந்து வாசல் வரை வந்தார்.