ஹீமோகுளோபின் 12 இருக்கு, அப்புறம் ஏன் தொடை கனக்குது?

காவலர் தேர்வுக்காகத் தர்மபுரி, கிருஷ்ணகிரி மைதானங்களில் விடியற்காலை ஓடும் பெண்கள் பலர் சொல்லும் புகார் ஒன்றுதான்: "மூணு மாசமா ஓடறேன், நேரம் குறையவே மாட்டேங்குது. 250 மீட்டர்லயே தொடை கனக்குது." 400 மீட்டரை 2 நிமிடம் 30 நொடிக்குள் முடிக்க வேண்டும். பயிற்சியாளர் இன்னும் ஓடச் சொல்வார், ஜிம்காரர் புரோட்டீன் பவுடர் எழுதித் தருவார். ரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் 12.1. நார்மல் என்று அனுப்பிவிடுவார்கள்.

உடலில் இரும்பு குறையும்போது ஹீமோகுளோபின் கடைசியாக இறங்கும் எண். குதிரில் ராகி தீர்ந்த பிறகும் பானையில் இருப்பதை வைத்து நாலு நாள் களி கிண்டலாம் அல்லவா, அப்படி. குதிரில் எவ்வளவு, அதாவது உடலில் இரும்புக் கையிருப்பு எவ்வளவு என்று காட்டும் ரத்தப் பரிசோதனை ஃபெரிட்டின். அது 15-க்குக் கீழே போனால் இரும்புக் குறைபாடு என்கிறது உலக சுகாதார நிறுவனம். கடுமையாகப் பயிற்சி செய்பவர்களுக்கு 30-க்குக் கீழேயே கவனிக்க வேண்டும் என்பது விளையாட்டு மருத்துவத்தில் பரவலான வழக்கம்.

தசைக்குள் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் மயோகுளோபினுக்கும், மைட்டோகாண்ட்ரியாவில் சக்தி தயாரிக்கும் நொதிகளுக்கும் இரும்பு வேண்டும். அது குறைந்தால், கடுமையாக உழைக்கும் தசையில் உண்டாகும் லாக்டேட் சீக்கிரம் சேர்கிறது, கால் கனக்கிறது. ஒரே தடவை பெரிய எடையைத் தூக்குவதில் வித்தியாசம் தெரியாமல்கூடப் போகலாம். மூன்றாவது செட்டில் தெரிந்துவிடும். செட் குறைந்தால் தசை வளரத் தேவையான தூண்டலும் குறையும். தசை செல்கள் பெருக டி.என்.ஏ. தயாரிக்கும் நொதிக்கும் இரும்பு தேவை. இந்த நிலையில் பவுடர் வாங்குவது வீண் செலவு.

பரிசோதனைக்கு முன் இரண்டு நாள் கடும் பயிற்சி வேண்டாம். காய்ச்சல், சளி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து நிற்கும், உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சி.ஆர்.பி.யும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. சிவப்பணு அளவு (எம்.சி.வி.) சிறியதாக இருந்து ஃபெரிட்டின் சரியாக இருந்தால் தலசீமியா கடத்தியா (பரம்பரையாக வரும் ரத்தக் குறைபாட்டின் மரபணுவைச் சுமப்பவரா) என்று பாருங்கள். அவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு இரும்பு மாத்திரை தரக்கூடாது.

சாப்பாட்டில் நம்மூர்ச் சிக்கல் ஒன்று உண்டு. களியில் இரும்பு இருக்கிறது, ஆனால் ராகியில் உள்ள ஃபைட்டேட்டும் டானினும் அதை உறிஞ்ச விடாது. ராகியை முளைகட்டி அரைத்தாலோ, கூழாகப் புளிக்க வைத்தாலோ தடை குறையும். களியோடு நெல்லிக்காய்த் துவையல் நல்ல ஜோடி, அதிலுள்ள வைட்டமின் சி இரும்பை உறிஞ்ச உதவும். ஆட்டு ஈரல் கிடைத்தால் அதைவிட மேல். டீயைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். முருங்கைக் கீரை சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதுதான் இங்கே அதிகம் நடக்கும் தப்பு.

ஃபெரிட்டின் தரைமட்டத்துக்குப் போயிருந்தால் உணவு மட்டும் போதாது. மருத்துவர் எழுதும் மாத்திரையைத் தினம் இரண்டு வேளை போடுவதைவிட ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு வேளை போட்டால், போட்டதில் கூடுதல் பங்கு உறிஞ்சப்படும், வயிற்றுத் தொல்லையும் குறையலாம். காரணம் ஹெப்சிடின் என்ற ஹார்மோன்: மாத்திரைக்குப் பின்னும், ஓட்டம் முடிந்து 3 முதல் 6 மணி நேரத்திலும் இது ஏறி, குடலில் இரும்புக்குக் கதவை அடைக்கும். அதனால் காலை ஓட்டம் முடிந்த அரை மணிக்குள் எலுமிச்சைச் சாறோடு போடுவது சரியான நேரம். மலம் கறுப்பது இயல்பு, பயப்பட வேண்டாம்.

ஆண்களுக்கு ஃபெரிட்டின் குறைந்தால் மாத்திரையோடு நிறுத்தாமல் மூலம், வயிற்றுப் புண் போன்ற ரத்தக் கசிவைத் தேடுங்கள். வெறுங்காலோடு வயலில் இறங்குபவர்களுக்குக் கொக்கிப்புழுவையும் நினைவில் வையுங்கள்.

கையிருப்பு நிரம்ப மூன்று மாதமாவது ஆகும். அதுவரை வேக ஓட்டத்தை வாரம் ஒன்றோடு நிறுத்தி, மற்ற நாட்களில் பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் ஓடுங்கள். 12 வாரத்தில் ஃபெரிட்டினை மறுபடி பாருங்கள்.