தெனாரியம்: பத்தில் பிறந்த வெள்ளிக்காசு

ரோமானிய வெள்ளிக்காசு சேர்ப்பவர் முதலில் அறிய வேண்டிய பெயர் தெனாரியஸ். இலத்தீனில் 'தேனி' என்றால் 'பத்துப் பத்தாக'. அதிலிருந்து பிறந்த 'தேனாரியுஸ்' என்பதற்குப் 'பத்து கொண்டது' என்று பொருள். வட ஆப்பிரிக்க நகர அரசான கார்த்தேஜுடன் இரண்டாம் பியூனிக் போர் நடந்துகொண்டிருந்த கி.மு. 211 வாக்கில் இது வெளிவந்தது. அப்போது 10 'அஸ்' வெண்கலக் காசுகளுக்கு ஒரு தெனாரியஸ் ஈடு. ரோமா தேவியின் தலைக்குப் பின்னால் பத்துக்கான ரோமானிய எண்ணையும் பொறித்தார்கள். கி.மு. 141 வாக்கில் மதிப்பு 16 அஸ்ஸாக உயர்ந்தது. பெயரில் மட்டும் பத்து அப்படியே தங்கிவிட்டது.

தொடக்கத்தில் ஏறத்தாழ 4.5 கிராம் எடை. கி.பி. 64இல் ரோமானியப் பேரரசன் நீரோ எடையை 3.4 கிராம் அளவுக்கு இறக்கியதோடு வெள்ளியின் தூய்மையையும் குறைத்தான். கொங்குப் பகுதிப் புதையல்களைப் பார்க்கும்போது இந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே கிடைத்த தெனாரியஸ்களில் அவனுக்கு முந்தைய பேரரசர்களான அகஸ்டஸ், தைபீரியஸ் ஆகியோரின் காசுகளே மிகுதி. இங்கே காசை வெள்ளிக்காகவே மதித்தார்கள், அதனால்தான் தரமான பழைய காசுகள் வந்து சேர்ந்தன என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

அரபு தினார், ஸ்பானிய தினேரோ, வடமொழி தீனாரம் எல்லாம் இதன் வழிவந்த சொற்கள். தினாரும் தீனாரமும் பொற்காசுக்குப் பெயராயின என்பது வியப்பு. பிரிட்டனில் பென்னியைக் குறிக்க 1971 வரை எழுதிய 'டி' என்ற எழுத்தும் தெனாரியஸின் முதலெழுத்தே.

தமிழில் எப்படிச் சொல்வது? பழைய விவிலிய மொழிபெயர்ப்பில் திராட்சைத் தோட்டத்து வேலையாட்களுக்கு 'நாளொன்றுக்கு ஒரு பணம்' கூலி. பிந்தைய திருவிவிலியத்தில் அதுவே 'ஒரு தெனாரியம்'. படிக்கப் பணம் இயல்பாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தென்னாட்டில் பணம் என்பது சிறிய பொற்காசுக்கு வழங்கிய பெயர். நாணயவியலில் இரண்டையும் கலந்தால் பெருங்குழப்பம். வெறுமனே 'வெள்ளிக்காசு' என்றாலும் போதாது. பாதி மதிப்புள்ள குயினாரியஸும், கி.பி. 215இல் பேரரசன் கரகல்லா வெளியிட்ட அந்தோனினியானுஸும் வெள்ளிக்காசுகள்தாமே!

எனவே இனப்பெயராக வெள்ளிக்காசு, தனிப்பெயராகத் தெனாரியம். 'அம்' ஈறு பெற்றதால் தெனாரியத்தை, தெனாரியங்கள் என்று வேற்றுமையும் பன்மையும் தடையின்றி ஏற்கிறது. சேகரிப்பு அட்டையில் 'தைபீரியஸ் தெனாரியம், வெள்ளி' என்று எழுதி, பக்கத்தில் எடையைக் குறித்துவிடுங்கள்.