மதவிலக்கு அன்று, விலக்களிப்பு

கானாடுகாத்தானில் ஓர் உறவினர் வீட்டுச் சாந்திக் கல்யாணத்தில் பந்தி முடிந்து முகப்பில் அமர்ந்திருந்தபோது, தன்பாலினத் திருமணம் தொடர்பான அமெரிக்கத் தீர்ப்புகளைப் பற்றிய கட்டுரை ஒன்றை ஓர் இளைஞர் கைப்பேசியிலிருந்து உரக்கப் படித்தார். அதில் ஒரு கத்தோலிக்க அமைப்புக்கு நீதிமன்றம் "மதவிலக்கு" வழங்கியதாக எழுதியிருந்தது. அதுவரை கண்மூடிக் கேட்டுக்கொண்டிருந்த என் பெரியப்பச்சி (பெரியப்பா), "அவுக என்ன தப்புப் பண்ணுனாகன்னு மதத்தை விட்டு விலக்கி வச்சாக?" என்று கேட்டார். எண்பது வயதுக்கு மேற்பட்ட, தமிழை நன்கு கற்ற ஒருவர் அந்தச் சொல்லை அதன் நேர் எதிர்ப்பொருளில் புரிந்துகொண்டார் என்றால் பிழை அவருடையதன்று. இச்சொல்லை இதழ்களிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் பலமுறை கேட்டுப் பொறுத்திருந்த நான் அன்றுதான் இதைப் பற்றி எழுத முடிவு செய்தேன்.

ரிலிஜியஸ் எக்ஸெம்ப்ஷன் என்ற ஆங்கிலச் சட்டத் தொடருக்கு ஈடாகத்தான் மதவிலக்கு என்று எழுதுகிறார்கள். எக்ஸெம்ப்ஷன் என்பது வெளியே எடுத்தல் என்ற பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து வந்தது. எல்லோருக்கும் பொதுவான ஒரு கடமையிலிருந்து சிலரை மட்டும் வெளியே எடுப்பது என்பது அதன் சட்டப்பொருள். தமிழில் விலகு என்னும் தன்வினைக்குப் பிறவினை விலக்கு. அறமாவது விதித்தன செய்தலும் விலக்கியன ஒழிதலும் என்று பரிமேலழகர் கூறுமிடத்தில் அதற்குத் தடுத்தல் என்று பொருள். சிவகங்கைச் சீமையில் பெருஞ்சாலையிலிருந்து ஓர் ஊருக்குப் பாதை பிரியும் இடத்தை ஊர்ப்பெயரோடு விலக்கு என்று சேர்த்துச் சொல்லும்போது அதற்குப் பிரிந்து செல்லுதல் என்று பொருள். ஆகவே விலக்கு என்ற சொல்லில் குற்றமில்லை. அதன் முன்னே கொண்டுவந்து வைத்த சொல்லில்தான் குற்றம்.

மதுவிலக்கு என்றால் மது விலக்கப்படுகிறது. வரிவிலக்கு என்றால் வரி விலக்கப்படுகிறது. ஊர்விலக்கம் என்றால் ஊரிலிருந்து ஓர் ஆள் விலக்கப்படுகிறார். விலக்கு என்ற சொல்லுக்கு முன்னால் வருவது ஒன்று நீக்கப்படும் பொருளாக இருக்கும், அல்லது யாரேனும் நீக்கப்படும் இடமாக இருக்கும் என்பதைத் தமிழ் பேசும் எவரும் இலக்கணம் படிக்காமலே அறிவார். இந்த வழியில் மதவிலக்கு என்பதற்கு இரண்டே பொருள்கள் கிடைக்கும். ஒன்று, மதத்தைத் தடைசெய்தல். மற்றொன்று, மதத்தை விட்டு ஒருவரை ஒதுக்கி வைத்தல். சட்டம் சொல்ல வந்ததோ, மதநம்பிக்கையைக் காரணமாகக் கொண்டு ஒரு கடமையிலிருந்து ஒருவரை விடுவித்தல். இங்கே நீக்கப்படுவது கடமை. மதம் அதற்குக் காரணம் மட்டுமே. காரணத்தை நீக்கப்படும் பொருளின் இடத்தில் நிறுத்தினால் சொல் தலைகீழாகிவிடுகிறது.

இச்சொல்லுக்குப் பரிந்து பேசும் நண்பர் ஒருவர், "மருத்துவ விடுப்பு என்றால் மருத்துவத்திலிருந்து விடுப்பா? அங்கே மருத்துவம் காரணமாகத்தானே நிற்கிறது?" என்று கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் விடுப்பு என்பது அலுவலகத்தோடு மட்டும் பழகிய சொல். எதிலிருந்து விடுப்பு என்பதில் யாருக்கும் ஐயமில்லை என்பதால் அதன் முன்னிடம் காரணத்துக்கு ஒழிந்து கிடைக்கிறது. விலக்குக்கு முன்னுள்ள இடம் அப்படி ஒழிவாக இல்லை. நோயின் காரணமாகக் கட்டாயப் பணியிலிருந்து விடுபட்ட ஒருவருக்கு "நோய்விலக்கு" கிடைத்தது என்று எழுதினால் அவர் நோய் தீர்ந்தது என்றல்லவா படிப்பவர் மகிழ்வார்?

சிலர் இதைத் தவிர்க்க மதச்சலுகை என்று எழுதுகிறார்கள். இது தெளிவாக இருக்கிறது, ஆனால் நடுநிலையாக இல்லை. சலுகை என்பது கொடுப்பவரின் பரிவைக் காட்டும் சொல்; கட்டணச் சலுகையைப் போல இன்று உண்டு, நாளை இல்லை. கேட்பவரோ அதை அரசமைப்புச் சட்டம் தந்த உரிமை என்கிறார். எதிர்ப்பவர் அதைத் தன்பாலின இணையரின் சம உரிமைக்கு விழும் அடி என்கிறார். அது உரிமையா, வரம்பு மீறிய கோரிக்கையா என்பதே வழக்காக இருக்கும்போது, மொழிபெயர்ப்பாளர் தலைப்பிலேயே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

மேலும், ஒரே சொல்லைப் போட்டு மூன்று வேறுபட்ட நிலைகளை மூடிவிடுகிறார்கள் என்பதுதான் என் பெரிய மனக்குறை. முதல் நிலை, சமயக் குருவினுடையது. கனடாவின் 2005 ஆம் ஆண்டுக் குடிமைத் திருமணச் சட்டம், தங்கள் சமயநம்பிக்கைக்கு மாறான திருமணத்தை நடத்தி வைக்க மறுக்கச் சமய அமைப்புகளின் அலுவலர்களுக்கு உரிமை உண்டு என்று சொல்கிறது. இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் உரிய 2013 ஆம் ஆண்டுச் சட்டத்தில், ஒரு சமய அமைப்பு தானே முன்வந்து இசைந்தால் ஒழிய அதன் வழிபாட்டிடத்தில் தன்பாலினத் திருமணம் நடக்காது. குருவுக்கு இங்கே சட்டக் கடமையே இல்லை; இல்லாத கடமைக்கு விலக்கு ஏது?

எங்கள் பக்கத்தில் இதை விளக்குவது எளிது. இளையாத்தங்குடி முதல் பிள்ளையார்பட்டி வரை நாட்டுக்கோட்டை நகரத்தாருக்குரிய ஒன்பது கோவில்களில், திருமணத்துக்குக் கோவில் மாலை வருவதும் புதுமணத் தம்பதியர் புள்ளியாக, அதாவது கோவில் கணக்கில் ஒரு தனிக் குடும்பமாகச் சேர்வதும் கோவில் வழக்கம். சார்பதிவாளர் அலுவலகத்தில் திருமணம் பதிவாவது அரசின் சட்டம். பதிவுச் சான்றைக் காட்டிக் கோவில் மாலை கேட்க முடியாது, கோவில் மாலை வரவில்லை என்று பதிவாளர் சான்றை மறுக்கவும் முடியாது. வீட்டில் இசைகுடிமானம் என்னும் திருமண ஒப்பந்தம் எழுதுவதையும் அரசுப் பதிவேட்டில் கையொப்பமிடுவதையும் இங்கே யாரும் குழப்பிக்கொள்வதில்லை. சமயச் சடங்கே இல்லாத சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்று 1967 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்த மாநிலத்தில் இந்த வேறுபாடு புரியாத ஒன்றன்று.

இரண்டாவது நிலை, அரசு அலுவலருடையது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2015 ஜூன் 26 அன்று தன்பாலினத் திருமணத்தை நாடு முழுவதும் ஏற்ற பிறகு, கென்டக்கி மாநிலத்தில் திருமண உரிமம் தரும் அரசு அலுவலரான ஒரு கவுண்டி கிளார்க் தம் சமயநம்பிக்கையைக் காட்டித் திருமண உரிமம் வழங்க மறுத்து, நீதிமன்ற அவமதிப்புக்காக ஐந்து நாள் சிறையிலிருந்தார். அடுத்த ஆண்டு மாநிலம் உரிமப் படிவத்திலிருந்து கிளார்க்கின் பெயரை எடுத்துவிட்டது. இணையருக்கு உரிமமும் கிடைத்தது. உண்மையான கடமை ஒன்று இருந்து, அதன் ஒரு பகுதி தளர்த்தப்பட்டது என்பதால் எக்ஸெம்ப்ஷன் என்ற சொல்லுக்கு இது ஏற்ற இடம்.

மூன்றாவது, வணிகர்களும் தொண்டு அமைப்புகளும். தன்பாலின இணையருக்குத் திருமணக் கேக் செய்ய மறுத்த கொலராடோ கேக் கடைக்காரர் 2018 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வென்றபோது இங்கே "மதவிலக்கு கிடைத்தது" என்று எழுதியவர்கள் தீர்ப்பைப் படிக்கவில்லை. அவருக்கு எந்த விலக்கும் தரப்படவில்லை. மாநில ஆணையம் அவருடைய சமயத்தின்மீது பகைமை காட்டியது என்பதே ஏழு நீதிபதிகளுக்கு இருவர் என்று அமைந்த தீர்ப்பின் காரணம். 2023 இல் தன்பாலினத் திருமணங்களுக்கு இணையதளம் அமைக்க விரும்பாத வடிவமைப்பாளர் ஒருவர் வென்றது பேச்சுரிமையின் அடிப்படையில். பிலடெல்பியா நகர வழக்கில்தான், 2021 இல், எக்ஸெம்ப்ஷன் என்ற சொல்லே தீர்ப்பின் அச்சாணியாக நின்றது. தன்பாலின இணையரை வளர்ப்புப் பெற்றோராகச் சான்றளிக்க மறுத்த கத்தோலிக்க அமைப்போடு நகரம் ஒப்பந்தத்தைத் தொடர மறுத்தது. ஆனால் நகரின் ஒப்பந்தமே விதியைத் தளர்த்தும் அதிகாரத்தை ஆணையருக்குக் கொடுத்திருந்ததால், அதை வலுவான காரணமின்றி இந்த அமைப்புக்கு மறுக்கக் கூடாது என்று ஆறு நீதிபதிகள் கூறினர்; மற்ற மூவர் வேறு காரணங்களால் அதே முடிவுக்கு வந்தனர்.

நம் நாட்டில் 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்தை ஏற்க மறுத்து அதைச் சட்டமியற்றும் அவைகளின் பொறுப்பில் விட்டதால் இப்பூசல் இன்னும் எழவில்லை. எழும் நாளில் நமக்குச் சரியான சொல் தேவைப்படும்.

சமயங்கருதிய விலக்களிப்பு என்பது என் பரிந்துரை. கருதிய என்ற சொல் சமயத்தைக் காரணமாக நிறுத்துகிறது. அளிப்பு என்ற சொல், கடமையை விதித்த அதிகாரமே அதைத் தளர்த்துகிறது என்று காட்டுகிறது. வரிவிலக்களித்தல் என்று அரசு ஆணைகளில் பழகிய வடிவம்தான். மதம் என்பதற்குப் பதிலாகச் சமயம் என்றது தூய்மை கருதியன்று, இரண்டும் வடசொற்களே. மதவிலக்கின் நிழல் இதன்மேல் விழக் கூடாது என்பதற்காகத்தான். சொல் நீளம் என்பார்கள். நீளம்தான்.

"பிலடெல்பியா நகரம் பிறருக்கு அளிக்கக்கூடிய விலக்களிப்பைச் சமயங்கருதிக் கேட்ட கத்தோலிக்க அமைப்புக்கு மறுத்தது செல்லாது" என்று அந்தக் கட்டுரையின் வரியைத் திருத்திப் பெரியப்பச்சியிடம் படித்துக் காட்டினேன். "அப்ப விலக்கி வைக்கலை, விட்டுக் கொடுக்கச் சொல்லியிருக்காக" என்றார்.